ஹோட்டன் சமவெளியும் களக்கல்வியும்

இலங்கையின் நடுமலைநாட்டில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், காடும் பத்தனைப் புல்வெளியும் மாறிமாறி அமைந்து விளங்குவது ஹோட்டன் சமவெளி. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் மலைப்பகுதி இதுவாகும். 1834ஆம் ஆண்டில் அக்காலத் தேசாதிபதியின் பெயர் இதற்கு இடப்பட்டது.

அந்நூற்றாண்டில் இங்கு வந்து தங்கிய ஆங்கிலேயர் பலர் வேட்டையையே நாடினர். நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திய வேட்டையைச் சாமுவேல் பேக்கர் 1853இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். எனினும், 1873இல் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் வேறொரு கருத்தை முன்வைத்தார். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது காத்தல் வேண்டும் என்பதே அவர் அறிவுரை. காட்டின் பயன் இவ்வாறு உணரப்பட்டபோதிலும், புல்வெளி வெறுநிலமென்றே பலரால் எண்ணப்பட்டது. 1960களில் அதன் ஒரு பகுதி உருளைக்கிழங்குச் செய்கைக்கும் உள்ளாயிற்று.

உண்மையில் அது வெறுநிலமன்று. மரைகள் மேய்வது அப்புல்லிலேயே; செம்மலர் பூக்கும் ரொடோடென்றன் மரங்கள் நிற்பதும் அவ்வெளியிலேயே. அதனை அடுத்த குறுமரக் காட்டில் வாழும் தேவாங்கினத்தை ஒஸ்மன் ஹில் 1942இல் விவரித்துப் பெயரிட்டார். பின்னர்ப் பல்லாண்டுகள் அது மனிதர் கண்ணுக்கு மிக அரிதாகவே தென்பட்டது. 2010இல் அதன் ஒளிப்படம் வெளியானபோது, அவ்வுயிர் இன்னதென்று துணிதற்கு முன்னையோர் எழுதிவைத்த குறிப்பே அடிப்படையாயிற்று. எழுதப்படாத உயிரொன்று மறைந்திருப்பின், அதனைத் தேடுவாரும் இரார்.

1969இல் இச்சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் நடுமலைநாட்டு உலக மரபுரிமையின் ஓர் அங்கமாயிற்று. ஆயினும் சட்டம் எல்லையைக் காக்குமேயன்றி, எல்லைக்குள் நிகழும் மாற்றத்தைக் கண்டு கூறமாட்டாது. ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட மஞ்சட்பூ முட்புதர் புல்வெளியிற் பரவியமை இதற்குச் சான்றாகும்.

ஆதலின், மலைப் புல்வெளியிற் கூடாரமிட்டுப் பயிலும் மாணாக்கர் கண்டு களிப்பதோடு அமைதல் போதாது. ஒரு சதுர யார் நிலத்தை அளந்து, அதிலுள்ள புல்லையும் பூண்டையும் பூச்சியையும் எண்ணி, நாளும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும். மறுவருடம் வருவோர் அதே இடத்தை மீண்டும் எண்ணுவர். அவ்விரு குறிப்புகளையும் ஒப்பிடும்போதே குறைந்தது எது, கூடியது எது என்பது புலனாகும். வேட்டைக்காரர் கூடாரம் அடித்த அதே நிலத்தில் இன்று மாணாக்கர் ஏற்கத்தக்க கடமை இதுவே.