ஹைதராபாத்தில் குனூத்

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறிய தமிழர், மொழியிலும் உணவிலும் வேறுபாடு காண்பது இயல்பே. வழிபாட்டிலும் சில வேறுபாடுகள் உண்டு. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பிறந்து ஹைதராபாத்திற் பணிபுரியும் முஸ்லிம் ஒருவர், அந்நகரத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில், வைகறைத் தொழுகை முடிவுறும் தறுவாயில் தாம் ஊரில் ஓதிப் பழகிய ஒரு வேண்டுதல் ஓதப்படாமையை உணர்வார். அதன் பெயர் குனூத். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நிலை, குனிவு, நிமிர்வு, சிரவணக்கம் ஆகியவை சேர்ந்த ஒரு சுற்றினை ரக்அத் என்பர். வைகறைத் தொழுகை இரண்டு ரக்அத்துகள் உடையது. ஷாஃபிஈ நெறியில், இரண்டாவதில் குனிந்து நிமிர்ந்தபின், இமாம் இரு கைகளையும் ஏந்தி நேர்வழியும் நலமும் அருளுமாறு வேண்டுவார். பின்நிற்போர் 'ஆமீன்' என்பர். ஹனஃபீ நெறியிலும் குனூத் உண்டு. ஆயின் அஃது இரவுத் தொழுகையாகிய வித்ரின் மூன்றாம் ரக்அத்தில், குனிவதற்கு முன்னர் ஓதப்படும்.

இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது? ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில், அஃதாவது கி.பி. 625இல், பிஃரு மஊனா என்னுமிடத்தில் குர்ஆன் ஓதுவோர் பலர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். நபிகள் நாயகம் ஒரு மாதம் தொழுகையில் குனூத் ஓதி, அக்கொலைஞருக்கு எதிராக முறையிட்டார்கள். பின்னர் அதனை நிறுத்தினார்கள். நின்றது அம்முறையீடு மட்டுமே, வைகறைக் குனூத் தொடர்ந்தது என்பது ஷாஃபிஈயர் கொள்கை. வைகறைக் குனூதே நின்றுவிட்டது என்பது ஹனஃபீயர் கொள்கை.

அரபு வணிகர் கடல்வழி கொணர்ந்த ஷாஃபிஈ நெறி நம் கடற்கரை ஊர்களில் வேரூன்றியது. துருக்கியர் ஆட்சியோடு தரைவழி பரவிய ஹனஃபீ நெறி வட இந்தியாவிலும் தக்காணத்திலும் நிலைத்தது. தமிழகத்திலேயே இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபீயரே.

ஹைதராபாத்தோ பல வழிகளையும் கண்ட நகரம். 1591இல் அதனை நிறுவிய குதுப் ஷாஹி மரபினர் ஷியா நெறியினர். அந்நெறியில் ஐவேளைத் தொழுகைகளிலும் இரண்டாம் ரக்அத்தில் குனூத் உண்டு. பின்னர் ஆண்ட நிஜாம்களின் படையிற் சேர யமன் நாட்டு ஹழ்ரமவ்த்திலிருந்து அரபியர் வந்தனர். அவர்கள் தங்கிய படைவீட்டின் ஆங்கிலப் பெயரே மருவி 'பார்க்கஸ்' என நகரின் தென்புறத்தில் இன்றும் வழங்குகிறது. ஹழ்ரமவ்த்தார் ஷாஃபிஈயர். ஆதலின் காயல்பட்டினத்தார் தம் ஊர் வழக்கத்தை அரபியர் குடியிருப்பில் மீண்டும் காணலாம்.

இதனினும் சிறப்புடைய செய்தி ஒன்றுண்டு. 1888இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற தாயிரத்துல் மஆரிஃப், அரிய அரபு ஏடுகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய நிறுவனம். குராசானியராகிய பைஹகீ (மறைவு 1066) இயற்றிய 'அஸ்ஸுனனுல் குப்ரா' என்னும் நபிமொழித் தொகுப்பை அது 10 பகுதிகளாக வெளியிட்டது. பைஹகீ ஷாஃபிஈ நெறிக்குச் சான்று திரட்டிய பேரறிஞர். வைகறைக் குனூதுக்கும் அதிற் சான்று காட்டியுள்ளார். அவரை மறுத்து எகிப்து நாட்டு ஹனஃபீ நீதிபதி இப்னு துர்க்குமானீ (மறைவு 1349) எழுதிய நூலையும் அந்நிறுவனத்தார் விட்டாரில்லை. அதே பக்கங்களின் அடியிலேயே அச்சிட்டனர். மேலே சான்று, கீழே மறுப்பு, தீர்ப்பு படிப்பவருடையது.

குனூத் ஓதும் ஷாஃபிஈ இமாமின் பின் நிற்கும் ஹனஃபீயர் யாது செய்வது? அவர் அமைதியாக நிற்கட்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. அவரும் உடன் ஓதட்டும் என்றார் அவர்தம் மாணவர் அபூயூசுஃப். வரிசையை விட்டு விலகுமாறு இருவருமே கூறவில்லை. அயலூரில் வாழும் நமக்கு இச்செய்தி பயன்படும்.