கொத்து என்னும் வினை

'கொத்து ரொட்டி' ஒரு வினைத்தொகை. 'ஊறுகாய்' போல மூன்று காலத்துக்கும் விரியும்: கொத்திய, கொத்துகின்ற, கொத்தும் ரொட்டி. மலையகத்து இரவுக் கடையில் இம்மூன்றையும் ஒரே கல்லில் பார்க்கலாம்.

உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை, டிசம்பர் முதல் மே வரை, சிவனொளிபாதமலைப் பருவம். பஸ்கள் இரவோடிரவாக ஹட்டன், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்கு ஏறும். பொல்பிட்டிய, லக்சபானா பக்கமாக வருவோரும் உண்டு. கடைகள் விடியும்வரை திறந்திருக்கும். சோறு கேட்டவுடன் வந்துவிடும்; கொத்துக்குக் காத்திருக்க வேண்டும். "அண்ணே, ஒரு முட்டைக் கொத்து" என்று சொன்ன பிறகுதான் ரொட்டி கல்லில் விழும். நுவரெலியா லீக்ஸ், வெங்காயம், முட்டை, குழம்பு எல்லாம் சேர்ந்து இரண்டு தகடுகளுக்கடியில் நறுங்கும்வரை ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்திருக்கலாம். அவசரமில்லாத சாப்பாடு இது.

கொத்துதல் பழைய வினை. பறவை கொத்தும், மண்வெட்டி நிலத்தைக் கொத்தும். தமிழ்நாட்டுக் கொத்துக்கறியில் அது முன்பே அடுப்படிக்கு வந்துவிட்டது. தானியம் அளக்கும் யாழ்ப்பாணக் 'கொத்து' வேறு; அதை இதோடு முடிச்சுப் போட நான் துணியமாட்டேன்.

கொத்தப்படும் ரொட்டிக்கும் ஒரு வினையே பெயர்: வீச்சு ரொட்டி. எண்ணெயில் ஊறிய மாவுருண்டையைத் தட்டி, காற்றில் வீசி விரிப்பதால் வந்தது. லயத்து அடுப்பில் சுடுவது இதுவல்ல. அது கையால் தட்டிய தடித்த தேங்காய் ரொட்டி. வீச்சு ரொட்டியைச் சிங்களத்தார் 'கொதம்ப ரொட்டி' என்பார்கள். மலையாளக் 'கோதம்பு', நம் 'கோதுமை', சமஸ்கிருத 'கோதூம' எல்லாம் ஒரே குடும்பம். ஒருவர் மாவைப் பார்த்துப் பெயரிட்டார், மற்றவர் கையைப் பார்த்து. எனக்குக் கையைப் பார்த்த பெயரே பிடிக்கிறது. அந்த மாவோ இலங்கை மண்ணில் விளைவதில்லை. கோதுமை கப்பலில் வர வேண்டும். 1980 முதல் திருகோணமலையின் பிரீமா ஆலை அரைத்துத் தருகிறது.

கொத்து ரொட்டி பிறந்தது கிழக்கில், மட்டக்களப்புப் பக்கம் என்போர் பலர். பிறகு அது தீவு முழுவதும் பரவியது. சிங்களம் சொல்லை எடுத்துக்கொண்டபோது ரொட்டியை உதிர்த்துவிட்டுக் 'கொத்து' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழிலும் இன்று 'ஒரு கொத்து' என்றே கேட்கிறோம். வினையடி அப்படியே பெயராகிவிட்டது. ரொட்டியே இல்லாத இடியாப்பக் கொத்தும் புட்டுக் கொத்தும் அதனால்தான் வர முடிந்தன.

மலிவுச் சாப்பாடு என்ற பேச்சை மட்டும் தோட்டத்தில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் மாவு விலை ஏறியது. ஒரு கொத்தை இரண்டு பேர் பகிர்வதில் வியப்பில்லை.

பலகை எழுதுகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில எழுத்தைப் பார்த்துக் 'கொட்டு ரொட்டி' என்று எழுதிவிடாதீர்கள். சிங்கள எழுத்திலும் அது 'த்து'தான். கொட்டுவது மேளத்தை, ரொட்டியைக் கொத்தத்தான் வேண்டும்.