பானையும் புற்றும்

ராகுல் சாங்கிருத்யாயனைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் 'வால்காவிலிருந்து கங்கை வரை' இங்கே தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட நூல். அவர் 1929க்கும் 1938க்கும் இடையே நான்கு முறை திபெத்துக்குப் போனார். இந்தியாவில் அழிந்துபோன பௌத்த நூல்களின் வடமொழி மூலம் அங்குள்ள மடாலயங்களிலாவது மிஞ்சியிருக்குமா என்று தேடினார். மிஞ்சியிருந்தது. எடுத்துவர முடியாத ஓலைச்சுவடிகளைப் படம் பிடித்தார், கையால் படியெடுத்தார்.

அப்படி வந்து சேர்ந்தவற்றில் ஒன்று ரத்னகீர்த்தியின் 'ஈஸ்வர சாதன தூஷணம்'. ஈசுவரன் உண்டு என்று நிறுவும் வாதத்துக்கு மறுப்பு என்று பொருள். 11ஆம் நூற்றாண்டு நூல்.

ரத்னகீர்த்தி விக்கிரமசீலம் என்ற பௌத்தப் பல்கலைக்கழகத்தவர். பால வம்சத்து அரசர் தர்மபாலர் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகத்தின் செங்கல் இடிபாடுகளை இன்றும் பீகாரின் பாகல்பூர் மாவட்டத்து அந்திசக் கிராமத்தில் காணலாம். கங்கைக்குத் தென்கரையில் விக்கிரமசீலம்; வடக்கே மிதிலை. மிதிலையில் இருந்தவர்கள் நையாயிகர்கள், அதாவது நியாய தர்சனத்தைக் கற்றுத் தேர்ந்த தர்க்க அறிஞர்கள். கடவுள் உண்டா என்ற கேள்வியை இந்த இரு தரப்பும் பல நூற்றாண்டுகளாக விடாமல் வாதாடின. வேதமும் புத்தர் வாக்கும் இந்த வழக்கில் சாட்சியாக நிற்க முடியாது. எதிராளி ஏற்காத நூலை ஆதாரமாகக் காட்டி என்ன பயன்? இந்த வழக்கில் இரு தரப்புக்கும் பொதுவாக உதவக்கூடிய கருவி அனுமானம், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறிவது.

நையாயிகரின் வாதம் கேட்க எளியது. பானை ஒரு காரியம், அதாவது செய்யப்பட்ட பொருள். அதற்குக் குயவர் என்ற கர்த்தா உண்டு. மலையும் பூமியும் முளைவிடும் செடியும் காரியங்களே. ஆகவே அவற்றுக்கும் அறிவுள்ள ஒரு கர்த்தா உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களின் ஈசுவரன் சூனியத்திலிருந்து உலகைப் படைப்பவர் அல்லர். அணுக்கள் என்றும் உள்ளவை, உயிர்களும் அப்படியே. குயவர் மண்ணைப் படைப்பதில்லை, வனைகிறார். ஈசுவரனும் அணுக்களைச் சேர்த்து உலகை வனைகிறார்.

இந்த வாதத்தின் அடிமடியில் கைவைத்தவர் 7ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி. பானையும் மண்ணால் ஆனது, புற்றும் மண்ணால் ஆனது. பானைக்குக் குயவர் உண்டு என்பதற்காகப் புற்றையும் குயவர்தான் செய்தார் என்பீர்களா என்று கேட்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் புற்றைத் தாண்டிப் போக நையாயிகர்கள் பாடுபட வேண்டியிருந்தது. ஒரே சொல்லால் அழைக்கப்படுவதால் மட்டும் இரண்டு பொருள்கள் ஒரே இனமாகிவிடுவதில்லை என்ற நுட்பம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ரத்னகீர்த்தி அதை இன்னும் கூர்மையாக்கினார். அவர் எதிரே வைத்துக்கொண்டது திரிலோசனர், வாசஸ்பதி மிஸ்ரர் போன்ற பெரும் நையாயிகர்களின் வாதங்களை. புகையையும் நெருப்பையும் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறோம். நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லாததையும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் மலையில் புகை கண்டால் நெருப்பை ஊகிக்கிறோம். கர்த்தா விஷயத்தில் இது நடக்குமா? கண்ணுக்குத் தெரியும் கர்த்தாவைச் சொன்னால், காட்டில் தானாக முளைக்கும் புல்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணுக்கே தெரியாத கர்த்தா என்றால், அவர் இல்லாத இடம் இது என்று எதைக் காட்டிச் சோதிப்பது? சோதிக்க முடியாத தொடர்பின்மேல் அனுமானத்தைக் கட்ட முடியாது என்றார்.

நையாயிகரும் சளைத்தவர்கள் அல்லர். நீங்கள் கேட்கும் அளவுக்குக் கறாராக இருந்தால் அடுக்களைப் புகையை வைத்து மலை நெருப்பைக்கூட ஊகிக்க முடியாதே என்று திருப்பினார்கள். அந்தத் தரப்பின் சிகரம் மிதிலையின் உதயணர். அவருடைய 'நியாய குசுமாஞ்சலி' ஐந்து பூங்கொத்துகளாகப் பிரிக்கப்பட்ட நூல். காணாததை நம்பமாட்டேன் என்ற சார்வாகரிடம் அவர் சொன்ன பதில் புகழ்பெற்றது: அப்படியானால் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் மனைவி மக்கள் கண்ணில் படவில்லையே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதுதான்! காணத்தக்க ஒன்று காணப்படாதபோதுதான் அது இல்லை என்று சொல்லலாம் என்பது அவர் வாதம்.

அவரது இன்னொரு வாதம் எண்ணைப் பற்றியது. இரண்டு அணுக்கள் சேர்ந்து பெரிதாக வளர்வதற்கு 'இரண்டு' என்ற எண் காரணம். எண்ணுவதற்கு ஓர் அறிவு இல்லாமல் இரண்டு என்பது தோன்றாது. உலகம் தோன்றும் வேளையில் எண்ணுவதற்கு யார் இருந்தார்? இன்றைய இயற்பியல் படித்தவர் இதை ஏற்கமாட்டார். ஆனாலும் எண் என்பது பொருளில் இருக்கிறதா, எண்ணும் மனத்தில் இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

இந்த வழக்கை ஆத்திகர், நாத்திகர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தவறு. வேதத்தைத் தலைமேல் வைத்த மீமாம்சகர் குமாரிலபட்டரும் உலகைப் படைத்த ஒருவரை ஏற்கவில்லை. அவருக்கு வேதம் போதும், வேள்வி போதும். உதயணர் பௌத்தரோடு மட்டுமின்றி மீமாம்சகரோடும் மல்லுக்கட்டினார்.

தமிழுக்கும் இந்த வழக்காடு மன்றம் அந்நியமல்ல. வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. மணிமேகலைக் காப்பியத்தின் ஒரு காதை முழுவதும் பௌத்தத் தர்க்கத்தையே விளக்குகிறது. தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு அதைச் செய்பவன் ஒருவன் வேண்டும் என்றுதான் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் தொடங்குகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் முதலில் வைத்தது பரபக்கத்தை. எதிர்த்தரப்பை வரிசையாகச் சொல்லி மறுத்த பிறகே தம் கொள்கைக்கு வந்தார். மறுப்பதற்கு முன் எதிராளி சொல்வதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கடமையை இன்றைய தொலைக்காட்சி விவாதங்கள் தொலைத்துவிட்டன. மனம் நோகும் இழப்பு இது.

உதயணர் தம் நூலின் முடிவில் ஈசுவரனிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறார். இத்தனை வாதங்களுக்குப் பிறகும் உன்னை ஏற்காதவர்களின் நெஞ்சு கல்தான். ஆனாலும் மறுப்பதற்காகவேனும் அவர்கள் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலம் வரும்போது அவர்களையும் கரையேற்று என்கிறார். வாழ்நாளெல்லாம் பௌத்தரோடு பொருதிய ஒருவர் அவர்களுக்காகச் செய்த வேண்டுதல் அது.

1200 வாக்கில் விக்கிரமசீலம் அழிந்தது. நியாய குசுமாஞ்சலியை ஈ.பி. கோவல் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தாவில் 1864இல் வெளியிட்டார். திபெத்திலிருந்து வந்த ரத்னகீர்த்தியின் மறுப்பு, அனந்தலால் தாகூரின் பதிப்பில் பாட்னாவில் அச்சேறியபோது ஆண்டு 1957.

(தொடரும்)