தில்லியின் பழஞ்சாலைகளில் சைக்கிள் உலா

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால், குதுப் மினாரையும் செங்கோட்டையையும் டாக்சியில் ஒரே பகலில் காட்டிவிட்டு, மறுநாள் ஆக்ராவுக்கு அனுப்பி வைப்போம். அவர்கள் சென்றபின் அவ்விடங்களை நாம் நினைத்துப் பார்ப்பதும் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் இங்கே உழைத்தும், ஊர் என்ற சொல்லுக்கு நமக்குப் பொருள் காவிரிக்கரையோ தாமிரபரணிக்கரையோதான். அதில் குற்றமில்லை. ஆயின் இங்கேயே பிறந்து வளரும் நம் மக்களுக்கு எது ஊர்?

இவ்வினாவை எழுப்பியவன் எம் இளைய மகன். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனால் அவனைத் ‘தில்லிக்காரன்’ என்கிறார்கள்; இங்கே விளையாட்டுத் திடலில் ‘மதராசி’ என்கிறார்கள். “அப்பா, நான் எந்த ஊர்க்காரன்?” என்று ஒருநாள் கேட்டான். நமக்கு விடை தோன்றவில்லை. ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் நம்போன்றோருக்கு ஒரு மூட்டை எங்கே ஏற்றப்பட்டது, எங்கே இறக்கப்பட்டது என்று சொல்லத் தெரியும். மனிதருக்கு அவ்வாறு ரசீது எழுத இயலுமா? அடுத்து வந்த நான்கு ஞாயிறுகளில் அவனையும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, பழைய தில்லிகளைத் தேடிச் சைக்கிளில் புறப்பட்டோம்.

மேனாட்டில் இது புதுமையன்று. தெற்குப் பிரான்சில் 1681ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெருங்கால்வாயின் கரையோரமாகவும், லுவார் ஆற்றங்கரை மாளிகைகளுக்கு இடையேயும், மக்கள் குடும்பத்தோடு சைக்கிளில் சென்று தம் நாட்டு வரலாற்றைக் கண்டு வருகின்றனர். மோட்டாரில் சென்றால் இடங்களைக் காணலாம். இடைவழியைக் காண இயலாது. நடந்து சென்றாலோ இரண்டு இடங்களுக்குள் பொழுது சாய்ந்துவிடும். சைக்கிள் இரண்டுக்கும் இடைப்பட்டது.

முதல் ஞாயிறு, பங்குனி மாதத்துக் காலை. அக்பர் சாலையின் புளியமரங்களின் அடியில் சென்றபோது போக்குவரத்தே இல்லை. அங்கிருந்து புராண கிலாவை அடைந்தோம். ஷேர்ஷாவும் ஹுமாயூனும் மாறிமாறி ஆண்ட கோட்டை அது. அதனை அடுத்த உயிரியல் பூங்காவினுள்ளே ஒரு கோஸ் மினார் நிற்கிறது. புலி பார்க்கச் செல்லும் பிள்ளைகள் அதனை ஏதோ பாழடைந்த தூண் என்று எண்ணிக் கடந்து போவர். உண்மையில் அஃது ஒரு மைல்கல். 1619ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் பாதுஷா, ஆக்ராவிலிருந்து லாகூர் வரை ஒவ்வொரு கோசு தூரத்துக்கும் ஒரு தூண் எழுப்ப ஆணையிட்டார். கோசு என்பது ஏறக்குறைய இரண்டு மைல். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சுமார் முப்பது அடி உயரத்தில் கட்டியமையால், வழிப்போக்கர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ள முடிந்தது. இருப்புப் பாதையோரத்துக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதன் அருமை உடனே விளங்கியது.

அன்றே நிஜாமுத்தீனுக்கும் சென்றோம். தெற்கேயிருந்து வரும் ரயில்கள் பல வந்து நிற்கும் நிலையத்துக்கு அணித்தே ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவும், அவருடைய மாணவரான கவி அமீர் குஸ்ரோவின் அடக்கத்தலமும் உள்ளன. இருவரும் 1325ஆம் ஆண்டில் மறைந்தவர்கள். மாலிக்காபூரின் தென்னாட்டுப் படையெடுப்பைப் பாரசீக மொழியில் எழுதி வைத்தவர் இந்த அமீர் குஸ்ரோவே. மதுரை பட்ட பாட்டை எழுதிய கை, நாம் அன்றாடம் இறங்கி ஏறும் நிலையத்தின் பக்கத்திலேயே ஓய்வு கொண்டிருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்!

இரண்டாம் ஞாயிறு சிரிக்கோட்டை. அலாவுத்தீன் கில்ஜி அமைத்த அந்நகரத்தின் மதிற்சுவர்கள் ஷாப்பூர் ஜாட் பக்கத்தில் துண்டு துண்டாக எஞ்சியுள்ளன. 1310ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியிலிருந்து புறப்பட்ட மாலிக்காபூர், ஹொய்சளரின் துவாரசமுத்திரத்தைப் பணிய வைத்து, பாண்டிய உடன்பிறந்தார் தம்முள் பகைத்திருந்த வேளையில் மதுரை வரை சென்றான். 1311இல் திரும்பியபோது கொண்டுவந்த கொள்ளைப் பொருள்கள் இந்தச் சிரி நகரத்தில்தான் சுல்தான்முன் வைக்கப்பட்டன. 612 யானைகள், 20,000 குதிரைகள், பெருந்தொகையான பொன் என்று எழுதுகிறார் பரனி என்னும் வரலாற்றாசிரியர். அவர் நூலை முடித்தது 1357இல்; கணக்கு மிகையாகவும் இருக்கலாம்.

இதனைச் சுவரடியில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது எம் மகன் குறுக்கிட்டான்: “யானைகளை எண்ணினார்களே, பாகர்களை எண்ணவில்லையா?”

நாம் வாயடைத்துப் போனோம். யானை தானாகவா நடந்து வரும்? ஒவ்வொன்றுக்கும் தீனி வைக்கவும் நீர் காட்டவும் ஆள் வேண்டும். அவ்வாட்களுள் தென்னாட்டார் பலர் இருந்திருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. அவர்கள் விரும்பியா வந்திருப்பார்கள்? பெயர், ஊர், திரும்பிச் சென்றனரா என்ற குறிப்பு ஒன்றும் ஏட்டில் இல்லை. சரக்கை எண்ணி ஆளை விட்ட கணக்கு அது. நாள்தோறும் அத்தகைய கணக்கையே எழுதிவரும் நமக்கு அக்கேள்வி உறைத்தது.

மூன்றாம் ஞாயிறு, ஹவுஸ் காஸ் ஏரிக்கரையில் சற்று இளைப்பாறி மெஹ்ரோலி சேர்ந்தோம். குதுப் மினாரையும் இரும்புத் தூணையும் பற்றி எல்லோரும் அறிவர். அவற்றின் அருகிலுள்ள அலாய் தர்வாஜா என்னும் வாயிலைக் கூர்ந்து காணுதல் வேண்டும். அது கட்டப்பட்ட ஆண்டு 1311. மதுரைப் பொன்னால் எழுந்தது என்று கூறச் சான்றில்லை. ஆண்டு மட்டும் ஒன்றாயிருக்கிறது.

நான்காம் ஞாயிறு, மெஹ்ரோலியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டரிலுள்ள துக்ளக்காபாத். இச்சாலையில் லாரிகள் மிகுதி. விடியற்காலையில் மட்டுமே பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். 1321ஆம் ஆண்டளவில் கியாசுத்தீன் துக்ளக் தொடங்கிய கோட்டை இது. அவருடைய கல்லறை ஓர் ஏரியின் நடுவே இருந்தது. கோட்டையிலிருந்து செல்லக் கல்பாலம் ஒன்றும் இருந்தது. இன்று ஏரியில் நீரில்லை. பாலத்தை ஊடறுத்துக்கொண்டு தார்ச்சாலை ஓடுகிறது.

அவர் மகன் முகம்மது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றினார். தில்லிக்கும் தேவகிரிக்கும் நாற்பது நாள் பயணம் என்றும், வழியின் இருமருங்கிலும் மரங்கள் நிறைந்திருந்தன என்றும், அப்பாதை தெலிங்கானம், மாபார் வரை ஆறுமாதப் பயணமாக நீண்டது என்றும் எழுதினார் இபின் பதூதா. மாபார் என்று அவர்கள் குறித்தது நம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பகுதியை. அந்த ஆறுமாத வழியை இன்று ‘தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்’ ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

கோட்டைக் கொத்தளத்தில் அமர்ந்து, வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரையை உண்டோம். பிள்ளைகளுக்கு அப்போது சொன்னோம்: “இவ்வழியாக நம்மவர் வந்தது நேற்றன்று. படைக்கு அஞ்சி வந்தவரும் உண்டு. பிழைப்புக்காக வந்தவரும் உண்டு. நாம் மதிய உணவுப் பெட்டியோடு வந்தவர்கள். அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. நம் பெயரையேனும் நாம் எழுதி வைப்போம். இரண்டு ஊர்களையும் அறிந்தவனை எந்த ஊர்க்காரன் என்று கேட்பானேன்?” தொலைவில் துக்ளக்காபாத் யார்டிலிருந்து சரக்கு வண்டியின் ஊதல் கேட்டது.

சென்ற கோடையில் எம் மைத்துனர் மகன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தான். நாம் டாக்சிக்குச் சொல்லிவிட எண்ணிய வேளையில், எம் மகன் அண்டை வீட்டுச் சைக்கிளைக் கேட்டு வாங்கிவந்து, “வாடா, எங்க ஊர்க் கோட்டையைக் காட்டறேன்” என்று அவனை அழைத்துப் போனான். அவன் முதல்முறையாகத் தில்லியை அவ்வாறு சொல்லக் கேட்டோம். திரும்பி வந்ததும் இருவரும் பாகர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

நம் சங்கத்தின் இளைஞர் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனி மாதங்களில், பனி விலகி வெயில் ஏறுமுன், ஞாயிறுதோறும் இத்தகைய உலா ஒன்றை நடத்தலாம். நான்கு பகுதிகளும் சேர்ந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளும் பங்குகொள்ளலாம். தலைக்கவசம், தண்ணீர், கட்டுச்சோறு, ஒரு குறிப்பேடு ஆகியன போதும். போகும் வழியில் பெரியவர்கள் தத்தம் குடும்பம் எந்த ஆண்டில், எந்த ரயிலில் தில்லி வந்தது என்பதைச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகளை வெளியிடுவோமாக.