டீபக்கர் சரியான வரியில்தான் நிக்குதா?

நிரலில் தப்பு இருக்கான்னு பாக்கத்தான் டீபக்கர். அந்த டீபக்கரே தப்பான வரியில் போய் நின்னா? நாம அதைச் சந்தேகப்பட மாட்டோம். நம்ம நிரலைத்தான் சந்தேகப்படுவோம், ராத்திரி முழுக்க. இந்தச் சிக்கல் எப்போ, எப்படிக் கிளம்பியதுன்னு கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள் இவை.

பழக்கமில்லாதவர்களுக்கு, எங்க ஊர் செஞ்சியை வைத்தே சொல்லிவிடுகிறேன். ராஜகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் வரும். கூட வந்தவர் உள்ளே போய்க் கும்பிட்டுட்டு வர்றவரை நீங்க வெளியே நின்னா, அது 'நெக்ஸ்ட்'. கூடவே நீங்களும் உள்ளே போனா 'ஸ்டெப்'. உள்ளே போனபிறகு, "எல்லாம் முடியட்டும், வாசல்ல பாக்கலாம்"னு சொன்னா 'ஃபினிஷ்'. மூணுலயும் பூசை நடக்கும். நீங்க எங்கே நின்னு பாக்கறீங்க என்பதுதான் வித்தியாசம்.

ஆரம்பத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில், ஒரு கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு நிற்க ஒரு பொத்தான் இருந்தது. ஆனா ஒருத்தர் பொத்தானை அமுக்கி அமுக்கி யோசிச்சுக்கிட்டிருந்தா, மத்தவங்க எல்லாம் காத்துக்கிடக்கணும். அதனால் ஸ்டான்லி கில் வேறு வழி கண்டார். இன்னொரு நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தானே ஓட்டி, ஒவ்வொன்றின் எழுத்தையும் தாளில் அச்சடிக்கும் ஒரு நிரலை எழுதினார். 1951-ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் வந்தது. தாளை எடுத்துட்டுப் போய் நிதானமா உக்காந்து தேடலாம்.

நம்ம நாட்டில், 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கேதான் ஒரு தலைமுறைக்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். கூட்டலையே அட்டவணை பாத்துத்தான் செய்யும்னு கிண்டலடிக்கப்பட்ட இயந்திரம் அது. அதன் மேசைப் பலகையில் 'எஸ்ஐஇ' என்று ஒரு விசை உண்டு. ஒரு அமுக்கு, ஒரு கட்டளை. வன்பொருளே நிறுத்துவதால் எங்கே நிற்கிறது என்பதில் குழப்பமில்லை.

குழப்பம் ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளோடு வந்தது. நாம எழுதுற ஒரு வரி, இயந்திரத்துக்குப் பத்து இருபது கட்டளையா மாறுது. எந்தக் கட்டளை எந்த வரிக்குச் சேர்ந்தது என்று கம்பைலர் ஒரு பட்டியல் எழுதிவைக்கும். "அடுத்த வரியில் நிப்பேன்" என்று டீபக்கர் கொடுக்கும் வாக்கு முழுக்க அந்தப் பட்டியலை நம்பித்தான். பட்டியல் பிசகினாலோ, டீபக்கர் அதைத் தவறாகப் படித்தாலோ வாக்கு பொய்யாகிவிடும்.

1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபி எழுதினார் (பொருளாதார ஜிடிபி இல்ல!). 1990-களின் தொடக்கத்தில் சிக்னஸ் நிறுவனத்தில் ராப் சவோய் உருவாக்கிய டெஜாக்னு, அதற்குச் சோதனைக் கருவியாக அமைந்தது. அதன் அடியில் இருப்பது டான் லைப்ஸின் எக்ஸ்பெக்ட். மனுஷன் மாதிரியே கட்டளையைத் தட்டும், வர்ற பதிலைப் படிக்கும், எதிர்பார்த்ததோடு ஒத்துப்பார்க்கும். குறித்த நேரத்தில் பதில் வரலைன்னா அதையும் குறித்துக்கொள்ளும்.

இதன்மேல் எழுதப்பட்ட சின்னச் சின்ன உதவி நிரல்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒன்று, வரி எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது. "37-ஆம் வரியில் நிக்கணும்" என்று சோதனையில் எழுதிவைத்தால், நாளைக்கு யாராவது மேலே ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் சரிந்துவிடும். அதனால் சோதிக்கப்படும் நிரலில் வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பு வாசகம் எழுதிவைக்கிறார்கள். உதவி நிரல் அந்த வாசகத்தைத் தேடி, அது இருக்கும் வரியின் எண்ணைத் தருகிறது. எளிமையான யோசனை, ஆனால் இது இல்லாவிட்டால் பழைய சோதனைகளைப் பராமரிக்க ஆள் கிடைக்காது.

இன்னொன்று சிக்கலானது. 'ஃபினிஷ்' கொடுத்து ஒரு ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்தால், அழைத்த வரியின் நடுவில் நிற்போம். திரும்பி வந்த மதிப்பை எடுத்துவைக்கிற வேலை அதே வரியில் பாக்கி இருக்கலாம். அடுத்த 'ஸ்டெப்' அதே வரியில் நிக்குமா, கீழ் வரிக்குப் போகுமா என்பது ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும். இரண்டுமே சரிதான். சோதனை இரண்டையும் ஏற்றாக வேண்டும்.

சரி, இலக்கு வரி வரும்வரை ஸ்டெப் போட்டுக்கிட்டே இருன்னு எழுதிடலாமே? அங்கேதான் ஆபத்து. போகக்கூடாத ஃபங்ஷனுக்குள் 'நெக்ஸ்ட்' நுழைந்துவிட்டது என்று வைப்போம். தொடர்ந்து ஸ்டெப் போட்டால் எப்படியும் வெளியே வந்து இலக்கை அடையும். சோதனையும் தேர்ச்சி என்று சொல்லிவிடும். ஜிடிபியின் ஸ்டெப் சோதனையில் உள்ள உதவி நிரல் இதற்கு இடம் தருவதில்லை. அதனிடம் இரண்டு அடையாளங்களைக் கொடுக்கிறோம்: இப்போ நிற்கிற வரி, போய்ச்சேர வேண்டிய வரி. முதலாவது வந்தால் மறுபடி ஒரு அடி. இரண்டாவது வந்தால் தேர்ச்சி. வேறு எந்த வரி வந்தாலும், அங்கேயே தோல்வி.