கப்பலுக்குக் காத்திருந்த சொல்

யாங்கூனில், இன்சீனிலிருந்து பேசுகிறேன். ஊர்ப்பெயரைச் சொன்னதும் வெளிநாட்டு நண்பர்கள் சிலர் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் பைத்தியத்தைக் குறிக்கும் 'இன்சேன்' என்று அவர்கள் காதில் விழுகிறது. 1887இல் கட்டிய சிறையும் இங்கேயே இருப்பதால் கேலிக்கு வசதி. பர்மிய மொழியில் 'இன்' என்றால் ஏரி. இன்லே, இன்யா என்ற பெயர்களில் வருவதும் அதுதான்.

ஆனால் நம் பக்கத்து ஊர்ப்பெயர் ஒன்று உண்மையிலேயே ஆங்கிலத்தில் பைத்தியத்துக்குச் சொல்லாகிவிட்டது. 'டூலாலி'. மறை கழன்ற ஆள் என்று சொல்வோமே, அந்தத் தொனி.

அந்த ஊர் மகாராஷ்டிரத்தில், நாசிக் அருகே உள்ள தேவ்லாலி. 1861இல் அங்கே பிரிட்டிஷ் ராணுவ முகாம் அமைந்தது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் ஊர் திரும்பும் கப்பலுக்காக அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். துருப்புக் கப்பல்கள் குளிர்காலத்தில்தான் ஓடின. பருவம் தவறிவந்தவன் மாதக்கணக்கில் சும்மா கிடக்க வேண்டும். வெயில், குடி, அடிதடி. சிலருக்குப் புத்தி தடுமாறியது. இந்தியாவிலும் பர்மாவிலும் சிப்பாயாக இருந்த பிராங்க் ரிச்சர்ட்ஸ், 1936இல் வெளியான தன் நினைவு நூலில் இதை எழுதியிருக்கிறார்.

அவர்கள் வழக்கில் முழுச்சொல் 'டூலாலி டேப்'. 'தப்' என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். நம் 'தாபம்' அதன் உறவு. 1925இல் வந்த சிப்பாய் வழக்குச்சொல் தொகுப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. பிறகு காய்ச்சல் உதிர்ந்து ஊர் மட்டும் மிஞ்சியது.

இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு எங்கள் சின்னத் தாத்தா நினைவுக்கு வந்தார். 1964இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கடையை இழந்த அவர் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தா வீட்டில் எட்டு மாதம் காத்திருந்தார். தினமும் மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களை எண்ணி, மறுபடி கட்டுவாராம். சித்தம் கலங்கிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சென்னையில் இறங்கிய பிறகும் மூட்டையை அவிழ்க்க விடவில்லை என்று கடிதம் வந்தது.

தேவ்லாலிச் சிப்பாய்க்கு வந்ததுதான் அவருக்கும் வந்தது. சிப்பாயின் காத்திருப்பு அகராதியில் ஏறியது, அதுவும் வேடிக்கைச் சொல்லாக. சின்னத் தாத்தாவின் எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பேச்சோடு நின்றுவிட்டது. இதைக் கேட்கும் உங்கள் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி எழுதிவையுங்கள்.