திருச்சபையின் கீழ்த்தளத்தில் ஒரு பாடத்திட்டம்: நாஷ்வில் பயிலரங்குகளும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பும்

முன்னுரை

சமூக நீதி, தலைமைத்துவம், மக்களை அமைப்பாக்கல் ஆகியவை இன்று பல நாடுகளில் பட்டப்படிப்பின் பகுதியாகிவிட்டன. தாள் உண்டு, களப்பணி உண்டு, மதிப்பெண்ணும் உண்டு. இவற்றைப் பல்கலைக்கழகத்தால் உண்மையில் கற்பிக்க இயலுமா? பாடத்திட்டத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கற்றதை மாணவர் செயலில் இறக்கும்போது நிர்வாகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரின் அனுபவம் இதற்குச் சான்று.

பயிலரங்கின் முறை

கொரியப் போர்க் காலத்தில் படைச்சேவையை மறுத்துச் சிறை சென்றவர் ஜேம்ஸ் லாசன். பின்னர் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபோது காந்தியின் அறப்போர் முறையை ஆழ்ந்து கற்றார். 1958இல் நாஷ்வில் வந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவில் மாணவரானார்.

அவர் பிறருக்கு இம்முறையில் பயிற்சி அளித்ததோ கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றின் கீழ்த்தளத்தில். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து டயான் நாஷ், இறையியல் கல்லூரி மாணவர் ஜான் லூயிஸ் முதலியோர் அங்கே கூடினர். சிலர், கறுப்பினத்தவருக்கு உணவு மறுக்கும் உணவகத்தில் அமர்ந்தவர்களாகவும் சிலர் அவர்களைத் தாக்கும் வெள்ளையராகவும் நடிப்பார்கள். வசை பொழியும், முகத்தில் சிகரெட் புகை ஊதப்படும், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். திருப்பி அடிக்காமல் தலையைக் காத்துக்கொள்வது எப்படி என்று பழகியபின், எங்கே தடுமாறினோம் என்று எல்லோரும் பேசுவார்கள்.

1959இன் இறுதியில் அவர்கள் பல்பொருள் அங்காடிகளின் உணவுப் பகுதிக்குச் சென்று, உணவு கேட்டு, மறுக்கப்பட்டதும் மேலாளரிடம் காரணம் விசாரித்துத் திரும்பினர். 1960 பிப்ரவரி 13இல் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது. ஒரு குழு கைதானதும் அடுத்த குழு அதே இருக்கைகளில் வந்து அமர்ந்தது. கறுப்பின மக்கள் நகரக் கடைகளைப் புறக்கணித்தனர். மே 10இல் ஆறு அங்காடிகள் கறுப்பினத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கின.

களஆய்வு, ஒத்திகை, செயல், மீளாய்வு என்ற ஒழுங்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வகையில் இது ஒரு முழுமையான பாடத்திட்டமே. ஒரு தலைவரை நம்பியிருக்காமல், அவர் சிறை சென்றாலும் பணி தொடரும்படி பலரை ஆயத்தம் செய்ததே இதன் பெரும் சாதனை.

மதிப்பீடும் பாதுகாப்பும்

இதைப் பல்கலைக்கழக அளவுகோலால் அளப்பதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது மதிப்பெண். நம் சமூகப்பணித் துறைகளிலும் களப்பணி அறிக்கை எழுதியவருக்கே மதிப்பெண். களப்பணி நடந்த தெருவில் எத்தனை பேர் தாமாகக் கூட்டம் நடத்தப் பழகினர் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. களத்து மக்களும் மாணவரை மதிப்பிட்டால் இக்குறை ஓரளவு தீரும்.

இரண்டாவது, செயலில் இறங்கும் மாணவருக்கான பாதுகாப்பு; இது முன்னதைவிடக் கடினமானது. 1960 மார்ச் மாதம் வாண்டர்பில்ட் லாசனை வெளியேற்றியது. சட்டமீறலைத் தூண்டுபவருக்கு இடமில்லை என்பது நிர்வாகத்தின் நிலை. இறையியல் பிரிவின் ஆசிரியர் பலர் பதவி விலக முன்வந்தனர். லாசன் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டத்தை முடித்தார். 2006இல் வாண்டர்பில்ட் அவரையே வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பின்னாளில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் அமைத்தது.

இதை வெறும் மனமாற்றமாகக் கொள்வது போதாது. வென்று முடிந்த போராட்டத்தைப் பாடமாக்குவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. நடந்துகொண்டிருக்கும் போராட்டத்தில் நிற்கும் மாணவரைக் காப்பது அரிது.

பல்கலைக்கழகம் நடுநிலை காக்க வேண்டாமா என்று கேட்கலாம். எந்தக் கோரிக்கைக்கும் அது கொடி பிடிக்க வேண்டியதில்லை. கைதாவதற்கு மதிப்பெண் தரவும் கூடாது. ஆனால் அமைதியாகப் போராடியதற்காக மாணவரின் படிப்பைப் பறிப்பது நடுநிலையாகாது. அது ஒரு தரப்புக்குத் துணைபோவதே.

முடிவுரை

அமைப்பாக்கலைக் கற்பிக்க முடியும் என்பதை நாஷ்வில் நிறுவியது. அதைத் தாங்கும் துணிவு பல்கலைக்கழகத்துக்கு இயல்பாக வருவதில்லை என்பதை வாண்டர்பில்ட் காட்டியது. எனவே சமூக நீதிக்கென ஒரு தாளைப் புதிதாகத் தொடங்கும் துறை, நூற்பட்டியல் தயாரிக்கும் முன், தன் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளை எடுத்துப் படிக்கட்டும். தேவையானால் அவற்றைத் திருத்தச் செய்யட்டும்.